கூழைக்கடாவுக்கு வெள்ளையடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூங்காக்களில் வைக்கப்படும் பழைய இரும்புச் சிற்பங்களைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒரு கடிதம் வந்திருந்தது. துருவேறி அழுக்காகத் தெரிகின்றன, மழைநீர் தேங்குகிறது, எல்லாவற்றுக்கும் நல்ல வண்ணம் பூசி அழகுபடுத்த வேண்டும் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். துருவும் தண்ணீரும் கவனிக்க வேண்டியவை, மறுக்கவில்லை. வண்ணம் பூசுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய இரும்பில் நானே செய்த ஒரு கூழைக்கடாப் பறவைக்கு அப்படி நினைத்துப் பூசியவன் நான். பூசியதை ஒன்பது நாள் உட்கார்ந்து சுரண்டி எடுத்தவன்.

கோவையில் ஒரு பஞ்சாலையில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தேன். பஞ்சை நூலாக முறுக்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்களின் பிரிவு. வீடு சிங்காநல்லூரில். வீட்டுக்குப் பின்னால் ஒரு காலத்தில் மாடு கட்டிய சாளை, பத்தடிக்கு எட்டடி, இப்போது என் பட்டறை. ஒரு வைஸ், ஒரு பட்டடைக்கல், கை கிரைண்டர், 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், ஜன்னலோரம் ஒரு சாணைக்கல். இவ்வளவுதான் சொத்து.

மில்லை மூடியபின் இயந்திரங்களை ஏலம் விட்டார்கள். லாரியில் ஏற்றி எடை மேடையில் நிறுத்தி, காலி லாரியின் எடையைக் கழித்து, மிச்சத்துக்குப் பணம். எங்கள் ஃபிரேம்களும் அப்படித்தான் போயின. இரண்டு மாதம் கழித்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில் சாக்கு மூட்டைக்குள் கதிர்களைப் பார்த்தேன். நூலை முறுக்கிச் சுற்றும் எஃகுத் தண்டு அது, நாங்கள் ஸ்பிண்டில் என்போம். அவை உட்காரும் போல்ஸ்டரோடு சேர்த்தே கழற்றியிருந்தார்கள். கிலோ 32 ரூபாய் என்றார் கடைக்காரர். இரண்டு மூட்டை எடுத்துக்கொண்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. உலைக்குப் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. உலைக்குப் போவது தவறு என்று நான் சொல்லவில்லை. உருகிய இரும்பு வேறொரு பம்ப்செட்டாகப் பிறக்கும். ஆனால் கதிர் என்பது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடியது. முடியளவு வளைந்தாலும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அந்த வளைவை விரலால் தொட்டே கண்டுபிடித்து நிமிர்த்தியவர்கள் நாங்கள். அதைக் கிலோக் கணக்கில் மூட்டையில் பார்க்க மனம் ஒப்பவில்லை.

சிங்காநல்லூர்க் குளத்துக் கரையில் காலையில் நடக்கப் போவேன். தொண்டையில் பை தொங்கும் பெரிய நீர்ப்பறவைகளான கூழைக்கடாக்கள் அங்கே வரும். கழுத்தை உள்ளிழுத்து, அலகை மார்பில் சாய்த்து, அசையாமல் நிற்கும். எனக்கு அதைப் பார்த்தால் அதிகாலையில் மில் கேட்டின் முன்னால் சங்கு ஊதக் காத்து நிற்கும் ஆட்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஒரு நாள் முடிவு செய்துவிட்டேன். அலகில் தூக்குப்போசியை மாட்டிக்கொண்டு முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் கூழைக்கடா. நாலரை அடி உயரம்.

உடம்புக்குத் தகரத்தைத் தட்டி வளைக்க வேண்டியிருக்கவில்லை. பழைய இரும்பு ஸ்கூட்டரின் பின்பக்கம் இருபுறமும் பிதுங்கி நிற்கும் மூடிகள் உண்டல்லவா? அவற்றை எதிரெதிராக வைத்துப் பார்த்தேன். பறவையின் வயிறு தானாக வந்துவிட்டது. எஞ்சின் பக்கத்து மூடியில் காற்றுப் போக வெட்டிய கீற்றுகளை அப்படியே விட்டேன். தகடு மெல்லியது, ஒரே மூச்சில் பற்றவைத்தால் ஓட்டை விழும். 2 மில்லிமீட்டர் வெல்டிங் ராடு, குறைந்த கரண்ட், பொட்டுப் பொட்டாகத்தான் வைக்க முடியும். அலகுக்கு சைக்கிளின் பின்சக்கர மட்கார்டு இரண்டு. கழுத்து, மோட்டார் சைக்கிள் செயின். டீசலில் ஊறவைத்துக் கழுவி, வேண்டிய வளைவில் தரையில் கிடத்தி, கண்ணி கண்ணியாகப் பற்றவைத்தேன். பாதங்கள் இரண்டும் தேய்ந்துபோன மண்வெட்டிகள், சவ்வுக் காலுக்கு அதைவிடப் பொருத்தமானது உலகத்தில் இல்லை. கண்ணுக்கு 6201 பேரிங் ஒரு ஜோடி, குழாய்த் துண்டுக்குள் இறுக்கி அடித்தேன். உள்வளையம் சுழலும், ஆகவே பறவை கண்ணை உருட்டும். தொண்டைப் பைக்கு என்ன செய்வதென்று இரண்டு நாள் யோசித்தேன். என் மனைவி அடியில் ஓட்டை விழுந்த இரும்பு வடைச்சட்டியைக் கொண்டுவந்து அலகுக்குக் கீழே பிடித்துக் காட்டினார். அதற்குமேல் பேச்சே இல்லை.

சிறகுதான் கடினம். கதிர் கடினப்படுத்திய எஃகு. சாணைக்கல்லில் பிடித்தால் பொறி பூப்பூவாக வெடிக்கும். சாதா இரும்பு நீளமான கோடாகப் பொறி விடும், வார்ப்பிரும்பு குட்டையாய்ச் சிவந்து அணையும். இரும்பின் சாதியைக் கேட்க வேறு யாரும் வேண்டாம், பொறியே சொல்லிவிடும். கதிரில் வெல்டிங் வைத்தால் வைத்த இடத்தின் ஓரத்தில் முறியும். எனவே கதிரைத் தொடாமல் பட்டைக் கம்பியில் துளையிட்டு, போல்ஸ்டர்களை நட்டுப் போட்டு முடுக்கி, கதிர்களை அவற்றின் சொந்த இருக்கையிலேயே உட்காரவைத்தேன். எண்ணெய் வழிந்துவிடும் என்பதால் கிரீஸ். மில்லில் ஒரு நாடா நான்கு கதிர்களை ஓட்டும். அதே கணக்கில் நான்கு நான்காக, பக்கத்துக்கு 32. உள்ளங்கையால் சிறகைத் தடவினால் 64 கதிர்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று மெல்லிய ரீங்காரம் எழும். முதல் தடவை கேட்டபோது வேலையை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பீடம், ஃபிரேமின் வார்ப்பிரும்புப் பல்சக்கரம். வார்ப்பிரும்பைச் சாதாரண ராடால் பற்றவைத்தால் ஆறும்போது விரிசல் விடும். அதனால் போல்ட். கடைசியாக அலகு நுனியில் என் தூக்குப்போசி.

பிறகுதான் தவறு செய்தேன். பல நிறத்தில் கிடக்கிறதே, துரு வேறு தெரிகிறதே என்று, வெள்ளை எனாமல் இரண்டு கோட்டிங். தெருவில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அந்த வாரம் எங்கள் பிரிவின் மேஸ்திரி அண்ணன் வந்தார். எண்பதை நெருங்குகிறார். எங்களில் பலரைப் போல அவருக்கும் காது மந்தம். பறவையைச் சுற்றி வந்தார். “நன்றாயிருக்கிறது தம்பி, எங்கே வாங்கியது?” என்று கேட்டார். நாற்பது ஆண்டுகள் கதிரோடு வாழ்ந்த மனிதர், அறுபத்து நான்கு கதிர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு அப்படிக் கேட்டார். தடவிப் பாருங்கள் என்றேன். தடவினார். ஒன்றும் சுழலவில்லை. பெயிண்ட் போல்ஸ்டருக்குள் இறங்கி இறுகிவிட்டிருந்தது. காபி குடித்துவிட்டுப் போனார். நான் அன்று இரவே ஸ்கிரேப்பரை எடுத்தேன்.

பெயிண்ட் ரிமூவர், கம்பி பிரஷ், பல் குச்சி, ஒன்பது நாள். ஒவ்வொரு கதிரிலும் நாடா ஓடிய இடுப்பு என்று ஒன்று இருக்கிறது. அங்கே நாடா உராய்ந்து உராய்ந்து இரும்பு கண்ணாடிபோல் மின்னும். எந்தப் பாலிஷும் அப்படி வராது. அந்த மினுக்கத்தின் மேல் நான் வெள்ளையடித்திருந்தேன். ஒவ்வொன்றாக அது வெளியே வரவர எனக்கு அவமானமாகவும் இருந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது.

மேஸ்திரி அண்ணனை மறுபடி கூப்பிட்டேன். வாசலிலேயே நின்றுவிட்டார். பின் நேரே சிறகிடம் போய், ஒரு கதிரைச் சுண்டிவிட்டு, கட்டைவிரல் நகத்தை அதன் மேல் இலேசாக வைத்தார். மில்லில் அதிர்வு பார்க்க அப்படித்தான் வைப்பார். காது வேண்டியதில்லை. நகத்தை எடுக்காமலே கேட்டார்: “எத்தனையாம் நம்பர் ஃபிரேம், தம்பி?”

இதற்காகத்தான் எழுதுகிறேன். பழைய இரும்பில் செய்த பறவையைப் பார்ப்பவர் பறவையையும் பார்க்க வேண்டும், மண்வெட்டியையும் பார்க்க வேண்டும். மண்வெட்டி எப்படிப் பாதமாயிற்று என்ற வியப்பு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மேலே ஒரே நிறத்தைப் பூசிவிட்டால், தகரத்தில் வெட்டிய பொம்மைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது பறவையைச் சுற்றி நின்று “இது செயின், இது வடைச்சட்டி” என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள். வெள்ளையாக இருந்தபோது ஒரு பிள்ளைகூட இரண்டு நிமிடத்துக்குமேல் நிற்கவில்லை.

சண்டிகரில் நேக் சந்த் அமைத்த ராக் கார்டனை ஒருமுறை பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். 1957இல் தொடங்கி, வேலை நேரம் போக, கட்டடம் கட்டக் கூடாத வனப்பகுதியில், யாருக்கும் தெரியாமல் பல ஆண்டுகள் செய்திருக்கிறார். அரசு கண்டுபிடித்தபோது இடிக்காமல் 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984இல் பத்மஸ்ரீ. அங்கே உடைந்த வளையல்களாலேயே பெண் உருவங்கள் செய்திருக்கிறார். வளையல் வளையலாகவே தெரியும். யாரோ கையில் போட்டு உடைந்த சிவப்பும் பச்சையும். மின் இணைப்புகளில் பயன்படும் பீங்கான் துண்டுகளை அடுக்கி எழுப்பிய சுவரில் ஒவ்வொரு துண்டையும் அடையாளம் சொல்லலாம். அந்த மனிதர் அவற்றின் மேல் டிஸ்டெம்பர் அடித்திருந்தால் நான் அன்று அவ்வளவு நேரம் அங்கே நின்றிருக்க மாட்டேன்.

துருவுக்கு வழி இல்லாமல் இல்லை. டீசலில் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவினால் துரு கறுத்து அடங்கும். கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்து, நிறமில்லாத லாக்கர் இரண்டு கோட்டிங். ஸ்கூட்டர் மூடிகளின் உள்பக்கத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறேன், அது கண்ணில் படாத இடம். லாக்கர் பெயிண்ட் அளவுக்கு நிற்காது என்பது உண்மைதான். ஐப்பசி மழைக்கு முன் ஆண்டுக்கொரு முறை மறுபடி அடிக்க வேண்டும். ஒரு பூங்காவுக்கு இது பெரிய செலவில்லை. தண்ணீர் தேங்குவதற்குத் துளைதான் மருந்து. வடைச்சட்டியில் ஏற்கெனவே இருந்த ஓட்டை போதாதென்று 10 மில்லிமீட்டரில் இன்னும் நான்கு போட்டேன். டெங்கு கொசுவுக்கு ஒரு வாரம் தேங்கிய நல்ல தண்ணீர் போதும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. கூரான விளிம்புகளை அரத்தால் மழுக்கிவிட வேண்டும், பிள்ளைகள் தொடாமல் இருக்க மாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் முயலும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் டாங்கையும் ஷாக் அப்சார்பரையும் அறுக்காதீர்கள், பற்றவைக்காதீர்கள். துத்தநாகம் பூசிய குழாயில் வெல்டிங் வைத்தால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்சுரம் வரும். பூச்சைச் சாணை பிடித்து நீக்கிவிட்டு, காற்றோட்டத்தில் நின்று செய்யுங்கள்.

பூங்காக்களுக்குப் பொறுப்பானவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. இருக்கும் சிற்பங்களுக்கு வண்ணம் பூச வேண்டாம். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு பலகை வையுங்கள். செய்தவர் பெயரோடு, எந்தெந்தப் பொருள், எங்கிருந்து வந்தது என்பதும் அதில் இருக்கட்டும். தங்கள் நாளிதழும் இப்படிப்பட்ட சிற்பங்களின் படத்தை வெளியிடும்போது, எத்தனை கிலோ இரும்பு என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், என்னென்ன பொருள் என்று கேட்டு எழுத வேண்டும்.

நான் அடுத்து ஒரு கழுதை செய்யத் தொடங்கியிருக்கிறேன். தையல் மெஷினின் கால்மிதியும், பழைய தராசுத் தட்டுகளும் தேவைப்படுகின்றன. அக்கம்பக்கத்தில் கொடுப்பவர்கள், அது எந்த வீட்டில், எந்தக் கடையில், யார் கையில் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கம்பியால் கட்டித் தர வேண்டுகிறேன். பென்சிலால் எழுதுங்கள். டீசல் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மில் ஃபிட்டர்,
சிங்காநல்லூர், கோவை.