வில்லின் முதுகில் இழைப்புளி படக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒற்றை மரத்தில் வில் செய்வது பற்றி எழுதுகிறவர்கள் பலர், 'முதுகை இழைப்புளியால் சமமாக இழைத்துக்கொள்ளவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நல்ல கட்டைகள் வீணாவது அந்த வரியால்தான்.

நாணை இழுக்கும்போது எய்பவரைப் பார்த்த வயிற்றுப் பக்கம் நெருக்குண்ணும். இலக்கைப் பார்த்த முதுகு இழுபடும். அந்த இழுப்பைத் தாங்குவது ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை அறுபடாமல் ஓடும் நார். ஆகவே முதுகு முழுவதும் ஒரே ஆண்டு வளையமாக இருக்க வேண்டும். மேட்டைச் சமப்படுத்தப் போனால் இழைப்புளி வளையத்தை அறுத்துவிடும். அறுபட்ட வளையம் மெலிந்து முடிகிற இடத்தில் சிராய் கிளம்பும். வில் பிளப்பதும் அங்கேதான்.

ஹிக்கரி, ஆஷ், எல்ம் மரங்களில் ஒரே வளையத்தைத் தேடிச் சீவும் சிரமம் இல்லை. பட்டைக்கு அடியிலுள்ள வளையமே முதுகு. வளரும் பருவத்தில் வெட்டினால் பட்டை எளிதாக உரியும். யூ மரத்தில் பட்டையை அடுத்துள்ள வெளிறிய புறமரத்தையே முதுகாக வைப்பார்கள். ஒசேஜ் ஆரஞ்சு, கருப்பு லோகஸ்ட், முசுக்கட்டை ஆகியவற்றில்தான் புறமரத்தைக் கழித்து, வைரம் பாய்ந்த உள்மரத்தில் ஒரு வளையத்தை முதுகாகப் பிடிப்பது வழக்கம்.

கட்டையின் வெட்டுமுகத்தில் ஒவ்வொரு வளையமும் இரண்டு அடுக்காகத் தெரியும்: பருவத் தொடக்கத்தில் வளர்ந்த துளை அடுக்கு, அதன் வெளிப்புறம் பிறகு வளர்ந்த கெட்டி அடுக்கு. கெட்டி அடுக்கு தடித்த வளையமாகப் பார்த்துப் பென்சிலால் குறியுங்கள். 3 மி.மீ. தடிப்பு இருந்தால் வேலை சுலபம். காகிதம்போல் மெலிந்த வளையங்கள் பழகிய கையையும் ஏமாற்றும்.

இரண்டு கைப்பிடியுள்ள இழுப்புக் கத்தியால் மேலே உள்ளவற்றைச் சீவி, குறித்த வளையத்துக்கு ஒரு வளையம் முன்னதாகவே நிறுத்திவிடுங்கள். அந்தக் கடைசி வளையத்தை ஒரு முனையில் தொடங்கி, சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். இங்கே காதும் வேலை செய்யும்: கத்தி துளை அடுக்கைத் தொட்டதும் கரகரவென்று ஓசை மாறும். அதற்குக் கீழேதான் நமக்கு வேண்டிய கெட்டிப் பரப்பு. கூர் சற்று மழுங்கிய கத்தியே நல்லது. மிகக் கூரானது கெட்டி அடுக்கிலும் இறங்கிவிடும். எஞ்சிய துளை அடுக்கைச் சுரண்டு தகட்டால் எடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்தால் மிச்சமிருப்பது சொரசொரப்பாக, மங்கலாகத் தெரியும்.

வளையம் மேடேறினால் கத்தியும் ஏற வேண்டும், பள்ளமானால் இறங்க வேண்டும். கணுவைச் சுற்றி அவசரம் கூடாது. அங்கே நார் மேலெழுந்து சுற்றிப்போவதால், கணுமேல் சிறு திட்டாக மரத்தை விட்டுவிடுவதே பாதுகாப்பு.

பச்சைக் கட்டையில் புறமரத்தை எடுத்தால், வெட்டுமுகங்களோடு முதுகுக்கும் அன்றே பசையோ மெழுகோ பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது முதுகு வெடிக்கும்.

கை தவறி வளையம் அறுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. நீளம் முழுவதும் அடுத்த வளையத்துக்கு இறங்க வேண்டும். அதற்குத் தடிப்பு போதாதென்றால் முதுகில் பதனிடாத தோலையோ விலங்குத் தசைநாரையோ பசையிட்டு ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
மரவில் செய்யும் வாசகர்கள்