தொண்டி மாப்பிள்ளைக்குப் பாம்பனிலிருந்து

அன்புள்ள மாப்பிள்ளை காதருக்கு,

நலம். மகளுக்குச் சம்பந்தம் முடிவானது கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நிக்காஹ் தேதி குறித்ததும் சொல், குடும்பத்தோடு வந்துவிடுகிறோம்.

சரி, வள்ளத்தின் பின்னால் மாட்ட உன் பையன் வாங்கிய பழைய இஞ்சின் விஷயம். இரைச்சல்தான் போடுகிறது, வள்ளம் ஓடவில்லை, மெக்கானிக் ஃபேனை, அதாவது தண்ணீருக்குள் சுற்றி வள்ளத்தைத் தள்ளும் விசிறியை, மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். ஃபேனுக்குக் காசை இறைக்காதே. முதலில் ஒரு டேப்பை எடுத்து அளக்கச் சொல்.

இஞ்சின் மாட்டும் இடத்தில், பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து வள்ளத்தின் அடிவரை எத்தனை அங்குலம்? இஞ்சினிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பகுதிதான் கால். 15 அங்குலப் பலகைக்குக் குட்டைக் கால் இஞ்சின், 20க்கு நெட்டைக் கால். உன்னுடையது 20ஆக இருந்து இஞ்சின் குட்டைக் காலாக இருந்தால், ஃபேன் மேல்தண்ணீரில் சுற்றிக் காற்றை இழுக்கும். நீ சொல்கிற இரைச்சல் அநேகமாக அதுதான். மாறி இருந்தாலும் தொல்லைதான்: கால் ஆழத்தில் கிடந்து தண்ணீரை உழும், எண்ணெய் குடிக்கும், தரை கிட்ட வந்தால் கடலடிப் பாரில், பாறையில் முட்டும்.

ஃபேனுக்கு மேலே படுக்கையாக ஒரு தகடு இருக்குமே, அதுதான் அடையாளம். அது வள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, ஒரு அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் எங்கள் தென்கடல், மன்னார் வளைகுடா, குதிக்கும், பின்பக்கம் தூக்கினால் ஃபேன் வெளியே வந்துவிடும். அதனால் நான் ஒரு அங்குலம் இறக்கியே வைப்பேன். உங்கள் வடகடல், பாக் விரிகுடா, அப்போது படுத்துக் கிடக்கும், சமமட்டமே போதும். வடகிழக்குக் காற்றடிக்கும் வாடைக்காலத்தில் நீயும் இறக்கிக்கொள். கால் கொஞ்சம் நீளமென்றால் பலகை மேல் கட்டை வைத்து உயர்த்தலாம். குட்டையென்றால் பலகையை அறுத்துத் தாழ்த்தலாம் என்று எவனாவது யோசனை சொல்வான், கேட்காதே. பின்னால் வரும் அலை நேரே உள்ளே ஏறும். அந்த இஞ்சினைக் கொடுத்து மாற்றுவதே மேல்.

உயரம் சரியானபின் சாய்வு. இதைக் கரையில் வெறும் வள்ளத்தை வைத்துப் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை. வலை, ஐஸ் பெட்டி, ஆள் எல்லாம் ஏறினபிறகு பின்பக்கம் எவ்வளவு அமிழ்கிறது என்பதுதான் கணக்கு. சுமையோடு ஓடும்போது கால் தண்ணீருக்குச் செங்குத்தாக நிற்கணும். அணியம் (வள்ளத்தின் முன்பக்கம்) தூக்கித் தூக்கிப் போட்டால், சாய்வைப் பிடிக்கும் இரும்பு ஊசியை ஒரு துளை உள்ளே, பலகைப் பக்கம் மாற்று. அணியம் தண்ணீரைக் குத்தி, கைப்பிடி கனத்தால் ஒரு துளை வெளியே.

பலகையையும் தட்டிப் பார். பைபருக்குள்ளே இருக்கும் மரம் வெளியே தெரியாமல் இற்றுப்போகும். சுத்தியல் பிடியால் தட்டும்போது சத்தம் 'டொக்' என்று கனமாக இல்லாமல் உள்ளே பொள்ளலாக இருப்பதுபோல் கேட்டால் சந்தேகப்படு. போல்ட்டுக்குத் துளை போடும்போது வரும் தூள் ஈரமாக, கறுத்து வந்தால் சந்தேகமே வேண்டாம், பலகை போய்விட்டது. நல்ல பலகையென்றால் துளைக்குள் பசை பூசி, பெரிய வாஷர் போட்டு முடுக்கு. முதல் ஓட்டம் முடிந்ததும், இஞ்சினைப் பலகையோடு பிடிக்கும் கிளாம்பை மறுபடி முடுக்கச் சொல், மரம் அமுங்கியிருக்கும். இஞ்சினை வள்ளத்தோடு ஒரு நல்ல கயிறு போட்டுக் கட்டாமல் கடலில் இறங்கக் கூடாது. இது பையனிடம் கண்டிப்பாகச் சொல்.

மண்ணெண்ணெய் இஞ்சின் என்றாய். பெட்ரோலில் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அணைக்கும் முன் திரும்பப் பெட்ரோலுக்கு வர வேண்டும். இல்லையென்றால் மறுநாள் கயிறு இழுத்தே தோள் இறங்கும். கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டணும். இங்கே குடிதண்ணீரை இஞ்சினுக்கு ஊற்றுகிறாயா என்று உன் தங்கச்சி தினமும் சண்டை. ஆனால் உப்பு உள்ளே உறைந்தால் தண்ணீர் போகும் வழி அடைத்துக்கொள்ளும்.

பலகையின் உயரம், காலின் நீளம் இரண்டையும் அளந்து, பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை அந்த மெக்கானிக்குக்கு முன்பணம் கொடுக்காதே.

உன் மாமன்,
ஆரோக்கியம்