கிங்ஸ் குரொஸ் கமராக்கள்

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒபரேசன் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். லண்டன் கிங்ஸ் குரொஸ் ஸ்டேசனுக்குப் பின்னால்தான்.

முகத்தை அடையாளம் காணும் கமராவைப் பொலிசும் கம்பனிகளும் சேர்ந்து பாவித்தால் என்ன பிழை, கள்ளன்தானே பிடிபடுவான் என்று கேட்டிருந்தாய். அந்தக் கிங்ஸ் குரொஸில் நடந்ததையே சொல்கிறேன்.

அங்கே 67 ஏக்கர். கூகிள் கட்டடம், கடைகள், வெயில் காலத்தில் பிள்ளைகள் நனைந்து விளையாடுகிற நீரூற்று. பார்த்தால் பொதுத்தெரு போலவே இருக்கும். ஆனால் நிலம் தனியாருக்குச் சொந்தம். 2016 மே முதல் 2018 மார்ச் வரை அங்கே இரண்டு கமராக்கள், போகிறவர் வருகிறவர் முகங்களை ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தன. அதற்காக ஏழு பேருடைய படங்களைக் கொடுத்தது லண்டன் பொலிஸ். 2019 ஓகஸ்டில் பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை எழுதிய பிறகுதான் கமரா விஷயமே வெளியே வந்தது. தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று முதலில் சொன்ன பொலிஸ், அடுத்த மாதம் ஒப்புக்கொண்டது. உள்ளூர் மட்டத்தில் செய்துகொண்ட உடன்பாடாம்.

ஏழு படம்தானே என்பாய். அந்த ஏழு பேருக்காக, நீரூற்றுக்கு வந்த பிள்ளையின் முகமும் அளக்கப்பட்டதே!

ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நாட்களில் எங்களை வரிசையாக நடத்திக்கொண்டு போனதை மறந்திருக்க மாட்டாய். ஜீப்புக்குள் முகமூடியோடு, ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி இருப்பான். அவன் தலை ஆடினால் சரி, ஆளைத் தூக்கிவிடுவார்கள். ஏன் ஆட்டினான், பட்டியல் யாருடையது, யாரிடம் போய் முறையிடுவது? ஒன்றுக்கும் பதில் கிடையாது. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. இங்கே யாரையும் லொறியில் ஏற்றவில்லை. ஆனால் அந்தத் தெருவால் நடந்தவர்களும் இதே மூன்று கேள்விகளைக் கேட்க வழியில்லாமல்தான் நடந்தார்கள்.

2020 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தென் வேல்ஸ் பொலிசின் கமராவைச் சட்டவிரோதம் என்றது. யாரைப் பட்டியலில் போடுவது, எங்கே கமரா வைப்பது என்பதைப் பொலிஸ்காரரின் விருப்பத்துக்கு விட்டதும் ஒரு காரணம். பொலிஸ் தானே கமரா வைத்தால் இப்படியாவது வழக்குப் போடலாம். கம்பனியின் கமராவுக்குப் பொலிஸ் படம் கொடுத்தால், ஒருவர் மற்றவரைக் காட்டிவிட்டுத் தப்பிக்கொள்வார்கள். எனக்குப் பெரிய பிழையாகப் படுவது இதுதான். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் உடன்பாட்டை வெளியிடட்டும், அந்த இடத்தில் பலகை வைத்துச் சொல்லட்டும்.

மார்கழியில் வருகிறேன். உனக்கு இன்னும் ஒத்துவராவிட்டால் நேரில் விரிவாகப் பேசுவோம்.

அன்புடன்,
குமார்