கன்னடியன் கால்வாய்க்கரை ஆளுகளுக்கு ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நடந்து முடிச்சு இன்னிக்கு ஆறாவது நாள், இப்பதான் மாடிப்படி ஒழுங்கா எறங்க முடியுது, அதான் இவ்வளவு லேட்டா எழுதுதேன், யாரும் கோவிச்சுக்கிடாதீய.

தெரியாதவங்களுக்கு விஷயம் இதுதான். டயாலிசிஸுக்கு வாரத்துல ரெண்டு மூணு தடவ வெளியூர்ல இருந்து வாறவங்க பஸ்ஸு, ஆட்டோ செலவுக்காக நாங்க பதினோரு பேரு பாபநாசம் படித்துறையில ஆரம்பிச்சு திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலம் வரைக்கும் ஒரே நாள்ல நடந்தோம், கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். வைத்தியம் காப்பீட்டுல நடந்துருது, ஆனா அங்க போய்ச் சேரணும்லா, கூட ஒரு ஆளும் போகணும், அந்த ஆளுக்கு அன்னிக்கு கூலி போச்சு. எங்க அத்தான் மூணு வருஷம் இப்படித்தான் அலைஞ்சாவ, அதனால இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

பணம் போட்டவங்க எல்லாருக்கும் ரசீது தனியா வந்துரும், கணக்கும் பைசா சுத்தமா குடுத்துருவோம். இந்த மடல் எங்களுக்கு நடக்க வழி காட்டுனவங்களுக்கு.

நான் நாள் முழுக்க தையல் மெஷின்ல உக்காந்து கெடக்கவ. கார்த்திகையில பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துல ரெண்டு ரவுண்டு சுத்துறதுக்குள்ள நாக்கு தள்ளிப் போச்சு. அப்புறம் குறுக்குத்துறை ரோடு, விடியக்காலம் தாமிரபரணி ஆத்துல மூடுபனி கெடக்கும், நடு ஆத்துல முருகன் கோயில் மட்டும் தெரியும், அத பாத்துக்கிட்டே நடந்ததுல அஞ்சு கிலோமீட்டர் போனதே தெரியல. ஆனா அஞ்சு வேற அம்பது வேற. அம்பதுக்கு எங்கள பழக்குனது, தாமிரபரணியில இருந்து வயலுக்கு தண்ணி கொண்டு போற கன்னடியன் கால்வாயோட கரைதான்.

கல்லிடைக்குறிச்சில இருந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவின்னு ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயலும் வாழத்தோப்பும், தூரத்துல மேற்கால மலை. பிசான (மழைக்காலத்து நெல்லு) நடவு முடிஞ்ச வயல் பச்சையா இருக்கும்போது நடக்க ஆரம்பிச்சோம், அறுவடைக்கு காயும்போது முடிச்சோம், நாலு மாசமும் அந்த நெல்லு எங்ககூடவே வளந்துச்சு. அங்க மடை பாக்குற அண்ணாச்சி ஒருத்தர், பேரு போடக்கூடாதுன்னுட்டாவ, அவருக்குத்தான் மொத நன்றி. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் கரை எங்க எங்க பலமில்ல, எங்க ரோட்டுக்கு ஏறணும், எங்க உடமுள் கெடக்கும்னு சைக்கிள்ல முன்னாடி போய் காட்டிக் குடுத்தாவ. கால்வாய்க் கதையும் அவர் சொன்னதுதான். அகத்தியர் ஒரு கன்னடக்காரர்கிட்ட, பசு போற வழியில கால்வாய் வெட்டு, அது கோமியம் விடுற எடத்துல மடை வை, படுக்குற எடத்துல குளம் வெட்டுன்னாராம். பசு என்னிக்கு நேரா நடந்திருக்கு, அதான் கரை வளைஞ்சு வளைஞ்சு போகுது. கதைய விடுங்க, தண்ணி ஓடணும்னா வாட்டம் பாத்துத்தான் வெட்டியாகணும், அதனால கரையில பெருசா ஏத்த எறக்கமே கிடையாது, மூட்டு வலிக்காரங்களுக்கு இத விட நல்ல பாத எனக்குத் தெரிஞ்சு இல்ல. மழ பேஞ்ச மறுநாள் மட்டும் போயிராதீய, களிமண்ணு ஷூவுல ஒட்டி ஆளுக்கு ஒரு கிலோ எச்சா தூக்கிட்டுத்தான் வரணும்.

ஷூன்னதும் ஞாபகம் வருது, பெரிய கடையில காசு குடுத்து வாங்குனது மூணாவது வாரமே அடி பிரிஞ்சிட்டு, மாத்திக் குடுக்கவும் மாட்டேன்னுட்டாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செருப்பு தைக்கிற தாத்தா நாப்பது ரூவாய்க்கு தச்சுக் குடுத்தாவ, அதே ஷூவுலதான் முழுசா நடந்தேன். தாத்தா, தையல்காரி சொல்லுதேன், உங்க தையல் தையல்தான்.

நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை திருப்புடைமருதூர் போனோம். கோயில் பக்கத்து மரத்துல எல்லாம் பறவக் கூடு, ஊரே சேந்து காப்பாத்துது, 2005ல கன்சர்வேஷன் ரிசர்வ்னு, அதாவது ஊர்க்காரங்களும் சேந்து காக்குற பாதுகாப்புப் பகுதின்னு அறிவிச்சிருக்காங்க, அந்த வகையில இந்தியாவுலயே மொதல்ல அதான். நாங்க சத்தமா பேசிக்கிட்டே போனோம்னு ஒரு சின்னப் பய வாயில வெரல வச்சு காட்டுனான். தம்பி, உனக்கும் ஒரு நன்றி.

இனி நடந்த அன்னிக்கு கதை. விடியுமுன்ன மூணு மணிக்கு பாபநாசம், அம்பாசமுத்திரத்துல கருப்பட்டி காப்பி, எல்லாம் ஜோரா போச்சு. பத்தமடை வரும்போது வெயில் உச்சி, எனக்கு ரெண்டு குதிகால்லயும் கொப்புளம். ஒரு வீட்டுத் திண்ணையில உக்காந்தேன், உள்ள ஒரு அக்கா கோரைப் பாய் நெய்துக்கிட்டு இருந்தாவ. என்ன ஏதுன்னு கேக்கவே இல்ல, அப்பதான் முடிச்ச புதுப் பாய விரிச்சு, கால நீட்டி படு, சொவத்துல தூக்கி வைன்னாவ. எங்காலு முழுக்க சேறும் புழுதியும், எனக்கு கூசிப்போச்சு. "பாயி படுக்கத்தான"ன்னுட்டு திரும்ப தறிக்கு போயிட்டாவ. இருவது நிமிஷம், கோரை வாசத்துல தூங்கியே போயிட்டேன். என்னால கெட்ட அந்தப் பாய்க்கு காசு குடுக்க எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாச்சு, வாங்கல.

முன்னீர்பள்ளம் தாண்டுனப்புறம் யாரும் யார்கூடயும் பேசல. மேலப்பாளையத்துல பயலுவ சர்பத் குடுத்தானுவ, பேருகூட கேக்கல, ஸாரி தம்பிகளா. ராத்திரி எட்டு மணிக்கு கொக்கிரகுளம் வந்து பாலத்துல ஏறுனோம். 1843ல சுலோச்சன முதலியார் தன் கைக்காச போட்டு கட்டுன பாலம், கலெக்டர் ஆபீஸ்ல வேல பாத்தவரு, சம்சாரம் நகையக் கழட்டிக் குடுத்தாங்கன்னும் சொல்லுவாங்க. அங்க வந்துதான் முடிக்கணும்னு மொத நாளே பிடிவாதமா நின்னவ நான். கடைசில அந்தப் பாலத்துல நின்னு பெருசா என்னமோ பேசணும்னு யோசிச்சு வச்சிருந்தேன், வாயில வந்தது "ஆட்டோவ கூப்பிடுலே" மட்டுந்தான்.

மேலச்செவல்ல மோர் குடுத்த ஆச்சி, உங்க தூக்குச்சட்டி எங்கிட்டதான் இருக்கு, தேடாதீய. வாற ஞாயித்துக்கிழமை கழுவிக் கொண்டாறேன், பஸ்ஸுலதான்.