வத்தைக்கும் விதி எழுதுங்கள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும், தொண்டி முதல் மண்டபம் வரை பாய்மரப் படகுப் போட்டி நடத்தும் ஊர்க் கமிட்டிகளுக்கும் வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாக அரசு அறிவித்தது நல்ல செய்தி. நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் ஒலிம்பிக்கில் ஓட்டிய வகைப் படகுகள் அங்கே தாராளமாக வரட்டும். கூடவே இக்கரை மீனவரின் பாய்மரப் படகான வத்தைக்கும் ஒரு பிரிவு வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

பாய் ஓட்டுவது இங்கே புதிதல்ல. பாம்பன் வழியாகப் போன தோணிகளிடம் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் சுங்கம் வாங்கினார்கள். 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிறக்கிச் சிறைவைத்தது, சீமை கைமாறியது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இரண்டே ஆண்டில் சிறைக்குப் போனதும் எல்லாரும் அறிந்த கதை. 1911இல் சென்னைத் துறைமுகத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் பாய்ப்படகு கிளப் ஆரம்பித்தார். துரைமார் ஓட்டினால் விளையாட்டு, நம்மாள் ஓட்டினால் பிழைப்பு என்ற கணக்கு அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை. மாகாண மீன்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல், படகின் குறுக்கே வெளியே நீட்டிய பலகையில் ஆள் ஏறி நின்று சாய்வைச் சமாளிக்கும் இந்தக் கரைப் படகுகளைப் பற்றி எழுதிவைத்தார். நம் கமிட்டிகளிடம் ஒரு பக்கக் குறிப்பாவது இருக்கிறதா?

விதி இல்லாததால் என்ன ஆகிறது? பெரிய பாய் தைக்கக் காசுள்ளவர் ஜெயிக்கிறார். காற்றோடு நேராக ஓடி எல்லையைத் தொடும் பந்தயத்தில் பாயின் பரப்பே பாதி வெற்றி. அதனால் முதலில் பாயை அளக்க வேண்டும். காய்ந்த பாயை மணலில் விரித்து, ஓரங்களைக் கையால் இழுத்துப் பிடித்து, பருவான் (பாயைக் கட்டும் நீண்ட கம்பு) பக்கத்தின் நீளத்தையும் அதிலிருந்து எதிர் முனைக்குள்ள செங்குத்துத் தூரத்தையும் எடுங்கள்; பெருக்கிப் பாதியாக்கினால் பரப்பு. நனைந்த பருத்திப் பாய் சுருங்கும், அளவு குறைத்துக் காட்டும். அளந்ததும் மூன்று முனையிலும் பெயின்ட்டில் முத்திரை போட்டுவிட்டால் இரவோடு இரவாகத் துண்டு சேர்க்க முடியாது.

அடுத்தது பலகை. காற்றின் வேகம் மணிக்கு 10 கடல் மைலிலிருந்து 15 ஆனால் பாயில் விழும் விசை இரண்டேகால் மடங்காகும். தட்டையான அடிகொண்ட படகை அப்போது நிமிர்த்தி வைப்பது பலகையில் நிற்கும் ஆள்தான். நடுக்கோட்டிலிருந்து இரண்டரை மீட்டர் வெளியே நிற்கும் 60 கிலோ ஆளின் பலம், அரை மீட்டரில் கிடக்கும் 300 கிலோ மணலுக்குச் சமம். அதனால் பலகை எவ்வளவு வெளியே நீளலாம், எத்தனை பேர் ஏறலாம் என்று நிர்ணயிக்காத பந்தயம் சமமாக இருக்காது.

ஆளுக்குப் பதிலாகப் பாரத்துக்கு ஏற்றும் மணல் மூட்டையை நாங்கள் வேண்டாம் என்போம். மூட்டையைக் கட்டிவைத்த படகு கவிழ்ந்தால், தானாக மிதக்க வேண்டிய மரம் கீழே போகும். கட்டாமல் விட்டாலோ சாய்வில் உருண்டு மறுபக்கம் சேர்ந்து, கவிழ்ப்பதே அதுவாகிவிடும். 20 லிட்டர் கேனில் நல்ல தண்ணீர் நிரப்பிக் கட்டுங்கள். படகுக்குள் அது 20 கிலோ. படகு மூழ்கினால் கடல் தண்ணீரில் அதற்கு ஏறக்குறைய எடையே இல்லை. ஓட்டி முடித்ததும் குடிக்கவும் ஆகும்.

பாதை முக்கோணமாக இருக்கட்டும், ஒரு பக்கமாவது காற்றை எதிர்த்து. அங்கேதான் ஆளின் கெட்டித்தனம் தெரியும். முக்கோணப் பாயைத் திசை மாற்றும்போது பருவானை மரத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைச் சரியான நேரத்தில் தளர்த்தாவிட்டால் பாய் மரத்தோடு ஒட்டிக்கொண்டு படகு நின்றுபோகும்; காற்று பலமாக இருந்தால் கவிழும். பல படகுகள் ஒரே மிதவையில் ஒன்றாகத் திரும்பும்போது பருவான் தலையில் அடிக்கும். முதலில் சேர்ந்த படகுக்கே உள்பக்கம் என்று விதி இருந்தால் இந்தச் சண்டை பாதி தீரும், அங்கே ஒரு நடுவர் படகும் நிற்க வேண்டும்.

காற்றைப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். கச்சான் (மேல்காற்று) அடிக்கும்போது தொண்டிக் கரையோரம் அலையில்லாமல் அழகாக இருக்கும். ஆனால் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போவதால் மரம் முறிந்த படகு வெளியேதான் இழுபடும். மண்டபத்தின் வடகரையில் சோளகத்துக்கும் (தென்காற்று) இதே கதி. 1974இல் இலங்கையோடு போட்ட எல்லைக்கோடு அந்தத் திசையில் இருப்பதை நினைவில் வையுங்கள். அந்த நாட்களில் பாதையைக் கரைக்கு இணையாகவே போடுங்கள். கடல் பக்கத்தில் எஞ்சின் படகுகள் இரண்டு நிற்கட்டும். எல்லாருக்கும் உயிர்காப்பு மேலாடை கட்டாயம். நீச்சல் தெரியும் என்ற வாதத்தை ஏற்காதீர்கள்: பாய்க்கு அடியில் சிக்கியவருக்கு நீச்சல் உதவாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலில் நெரிசல் இருக்காது, உதவிக்கு ஆளும் கிடைக்கும். அதற்குள் தொண்டியில் ஒரு நாள் எல்லா ஊர் வத்தைகளையும் வரிசையாக நிறுத்தி நீளம், அகலம், பாய், பலகை நான்கையும் அளந்து ஒரே பதிவேட்டில் எழுதுவோம். எந்த அளவு பரவலாக இருக்கிறதோ அதையே போட்டி அளவாக வைக்கலாம். புதுப்படகு கட்டும் செலவு யாருக்கும் வராது. 30 மீட்டர் டேப்பும் பெயின்ட்டும் நாங்கள் கொண்டுவருகிறோம். ஆணையத்திலிருந்து ஓர் அலுவலரும், கமிட்டிக்கு இரண்டு பேரும் வந்தால் போதும். தேதியை நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இக்கரையில் வத்தை ஓட்டுவோர், கட்டுவோர், பாய் தைப்போர்