டிவி தயாரிப்பாளர்களே, அந்த 4 கிளாக்கைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்

மதிப்புக்குரிய டிவி தயாரிப்பாளர்களுக்கும் அவர்களின் ஃபர்ம்வேர் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். உங்களில் ஒருவரின் அப்டேட் இறங்கியதிலிருந்து, அதுவரை ஓஎஸ்எஸ்சி (பழைய கேம் கன்சோலின் படத்தை எச்டிஎம்ஐக்கு மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வழியே ஒழுங்காக ஓடிய எங்கள் பழைய சூப்பர் நின்டெண்டோ கன்சோலின் படம் சில வினாடிக்கு ஒருமுறை கறுத்துப்போகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், "உங்க பாக்ஸ்லதான் சார் பிராப்ளம்" என்கிறார்கள். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. மற்றவர்களிடம் கேட்டாலும் இதே பதில்தான் என்பதால் மடல் எல்லோருக்கும்.

பாக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம். ஓஎஸ்எஸ்சிக்கு 5 வோல்ட் சரியாக வருகிறது. சிங்க்கை, அதாவது வரியும் படமும் தொடங்கும் நேரத்தைச் சொல்லும் சிக்னலை, டிடிஎல் அளவில் (5 வோல்ட்) தரும் கன்சோல் என்றால், படத்தைக் கொண்டுவரும் ஸ்கார்ட் கேபிளில் 470 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 75 ஓம் டெர்மினேஷனோடு சேர்ந்து 5 வோல்ட்டைச் சுமார் 0.7 வோல்ட்டாக இறக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், டிவி கறுத்திருக்கும் அந்த நேரத்தில் ஓஎஸ்எஸ்சியின் சின்னத் திரையைப் பாருங்கள்: 262 வரி, ஏறத்தாழ 15.75 கிலோஹெர்ட்ஸ், 60.1 ஹெர்ட்ஸ் என்று அசையாமல் நிற்கிறது. கேபிளோ சிங்க்கோ கோளாறு என்றால் அங்கேதான் முதலில் தெரியும். ஒவ்வொரு வரியையும் இரண்டாகப் பெருக்கும் லைன்2எக்ஸில் அதே டிவியில் படம் நிற்கிறது, ஐந்தாகப் பெருக்கும் லைன்5எக்ஸில் விழுகிறது. மறுமுனையில் இருப்பது நீங்கள்தான்.

என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சூப்பர் நின்டெண்டோவின் ஒரு வரி 1364 கிளாக் (அதன் உள் கடிகாரத்தின் துடிப்பு). வரிகளை இடைவிட்டு வரையாத 240பி முறையில், ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேமில் ஒரே ஒரு வரி மட்டும் 1360. குறைவது 4 கிளாக், 21.477 மெகாஹெர்ட்ஸில் அது 0.19 மைக்ரோ வினாடிகூட இல்லை. பழைய டியூப் டிவி இதைக் கண்டுகொண்டதே இல்லை. ஓஎஸ்எஸ்சியில் முழுப் படத்தைச் சேமித்துவைக்கும் ஃபிரேம் பஃபர் கிடையாது; வருகிற வரியை அப்படியே பெருக்கி அனுப்புவதால் இந்த நடுக்கமும் எச்டிஎம்ஐ வழியே உங்களிடம் வந்து சேர்கிறது. உங்கள் ரிசீவர் உடனே சிக்னல் மாறிவிட்டது என்று முடிவுகட்டி, படத்தை அணைத்து, முதலிலிருந்து தேடத் தொடங்குகிறது. நின்டெண்டோவின் முந்தைய கன்சோலான ஃபேமிகாமிலும் இதே கதை, ஒரு டாட் அளவில்.

சூப்பர் நின்டெண்டோவின் 60.0988 ஹெர்ட்ஸ் என்பதே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். 60-லிருந்து அது 0.16 சதவீதம்தான் விலகுகிறது. உங்கள் தரவிதியே 0.5 சதவீதம் வரை இடம் தருகிறது. ஆர்கேட் இயந்திரமான நியோ ஜியோ எம்விஎஸ்ஸின் 59.18 அந்த எல்லைக்கு வெளியேதான், ஒப்புக்கொள்கிறோம். வரிக் கணக்கிலும் இடிக்கிறது: 262 வரியை ஐந்தால் பெருக்கினால் மொத்தம் 1310, உங்கள் 1080பி எதிர்பார்ப்பதோ 1125. ஆனாலும் இதே 1310-ஐ முகம் சுளிக்காமல் காட்டும் டிவிகள் கடையில் இருக்கின்றன. எது காட்டும், எது காட்டாது என்பது வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிகிறது.

ஆகவே முதல் வேண்டுகோள்: எச்டிஎம்ஐ உள்ளீட்டில் எத்தனை ஹெர்ட்ஸ் முதல் எத்தனை வரை ஏற்பீர்கள், மொத்த வரி எவ்வளவு விலகலாம், ஒரு வரியின் நீளம் எவ்வளவு பிசகலாம் என்பதைக் கையேட்டில் அச்சிடுங்கள்.

ரெட்ரோடிங்க் 5எக்ஸ் என்ற இன்னொரு மாற்றுப் பெட்டியை வாங்கி, படத்தைச் சேமித்து நிலையான வேகத்தில் அனுப்பும் டிரிபிள் பஃபரில் போடலாமே என்பீர்கள். போடலாம், படம் விழாது. ஆனால் 60.0988-ஐ 60-க்குள் அடக்கினால் பத்து வினாடிக்கு ஒரு ஃபிரேம் உதிரும். பக்கவாட்டில் நகரும் ஆட்டத்தில் அந்தத் தடுக்கல் கண்ணில் படும். இன்னொரு வழி, கன்சோலைத் திறந்து இந்த நடுக்கத்தை நீக்கும் டீ-ஜிட்டர் போர்டு சால்டர் செய்வது. 1990-இல் வந்த இயந்திரத்தின் வயிற்றைக் கிழிக்க வேண்டும், உங்கள் ஃபர்ம்வேரில் ஒரு வரம்பைத் தளர்த்த மனமில்லாததால்!

இதில் வேடிக்கை, டிவிப் பெட்டியின்மேல் விஆர்ஆர் (வரும் ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப டிவி மாறிக்கொள்ளும் வசதி), 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் பிளாங்கிங் (படம் வரையாத இடைவேளை) நீண்டாலும் குறுகினாலும் தாங்குகிற அதே டிவி, 4 கிளாக்குக்கு மயங்கி விழுகிறது. ரிமோட்டில் ஓடிடிக்காரர்களுக்கு வரிசையாகப் பொத்தான் வைக்க இடமிருக்கிறது, கையேட்டில் மூன்று எண்ணுக்கு இடமில்லை. கேம் மோட் என்ற பெயரில் நீங்கள் செய்வது பெரும்பாலும் ஷார்ப்னஸைக் கூட்டுவதுதானோ என்றுகூடத் தோன்றுகிறது...

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். கேட்பது பெரிதல்ல. அந்த மூன்று எண்களைக் கையேட்டில் போடுங்கள். ஒரு வரியின் நீளம் 4 கிளாக் குறைந்தவுடன் படத்தை அணைக்காமல், சில ஃபிரேமாவது பார்த்துவிட்டு முடிவெடுக்கச் செய்யுங்கள். அதுவரை, பழைய ஃபர்ம்வேரை யுஎஸ்பி வழியே திரும்ப ஏற்றிக்கொள்ளவாவது தயவுசெய்து அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
பழைய கன்சோலும் புதிய டிவியும் வைத்திருப்போர்