பெக் சொன்னது 'நல்லதையே நினை' என்பதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மனச்சோர்வு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதைச் சோம்பல் என்றோ மன உறுதி இல்லாமை என்றோ ஒதுக்காமல், உளவியல் தரும் விளக்கங்களை எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில், 'தவறான எண்ணங்களே இந்த நோய்க்குக் காரணம், எண்ணத்தை மாற்றினால் நோய் விலகிவிடும்' என்று ஆரன் பெக்கின் பெயரில் எழுதியிருக்கிறார்கள். மனநல ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு அதைப் படித்ததும் கவலையாகிவிட்டது. ஏற்கெனவே 'எல்லாம் என் தப்பு' என்று முடங்கிக் கிடப்பவர் கண்ணில் இந்த வரி பட்டால், நோய் வந்ததும் தன் தப்புதான் என்று முடிவு கட்டிவிடுவார்.

பெக், ஆழ்மனத்தில் புதைந்தவற்றில் நோய்க்குக் காரணம் தேடும் மனப்பகுப்பாய்வு முறையில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர். பிறர்மேல் உள்ள கோபம் தன்மேலேயே திரும்புவதுதான் மனச்சோர்வு என்ற அந்தக் காலத்துக் கருத்துக்குச் சான்று தேடித்தான் நோயாளிகளின் கனவுகளை ஆராயத் தொடங்கினார். தேடிய கோபம் கிடைக்கவில்லை. கனவுகளில் இருந்தது இழப்பும் தோல்வியும்தான். விழித்திருக்கும்போது அவர்கள் பேசியதிலும் அதுவே இருந்தது. இதிலிருந்துதான் தன்னைப் பற்றி, தன்னைச் சுற்றியுள்ள உலகைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என மூன்று பக்கமும் இருண்டுபோகும் பார்வையை 1960களில் அவர் விவரித்தார். இந்த எண்ணங்களை யாரும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்குவதில்லை, அவை தாமாக வந்து விழுகின்றன என்பதால் 'தானியங்கி எண்ணங்கள்' என்று பெயர் வைத்தார். இளவயதில் படிந்துபோன நம்பிக்கைகள் பல வருடம் சத்தமில்லாமல் கிடந்து, ஒரு பெரிய இழப்பு வரும்போது கிளர்ந்தெழுகின்றன என்பது அவர் கருத்து. இதில் நோயாளியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு தாய், அந்த வாரம் மனத்தில் ஓடியதைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்குப் போக மறந்துவிட்டேன்' என்பது முதல் வரி. அடுத்த வரி, 'நான் தாயாக இருக்கவே லாயக்கில்லை.' அதற்கும் கீழே, 'வீட்டில் யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை', 'பெரியவளானதும் அவள் என்னை வெறுத்துவிடுவாள்.' பெக் சொன்ன மூன்று பக்கமும் அந்த ஒரு தாளிலேயே இருந்தது. 'அப்படியெல்லாம் இல்லை, நீங்கள் நல்ல அம்மா' என்று நான் சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். அதனால் கேள்வியாகக் கேட்டேன். அந்த வாரம் எத்தனை இரவு தூங்கினீர்கள்? உங்கள் தோழி இப்படி மறந்திருந்தால் அவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? மறந்தது உண்மை, அதை நாங்கள் இருவருமே மறுக்கவில்லை. முதல் வரியிலிருந்து இரண்டாவது வரிக்குப் போக என்ன ஆதாரம் என்று மட்டும் சேர்ந்து தேடினோம். எண்ணங்களை ஆராய்ந்து பார்க்க பெக் உருவாக்கிய 'அறிவுசார் சிகிச்சை'யில் பெரும்பாலும் நடப்பது இந்தச் சோதனைதான். எண்ணம் சரியென்று தெரிந்தால் அதையும் ஏற்றுக்கொண்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்க வேண்டும்.

பெக்கோடு கதை முடிந்துவிடவும் இல்லை. எண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதே எண்ணத்தை எவ்வளவு நேரம் அசைபோடுகிறோம் என்பதைக் கவனித்தவர் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா. 1989ல் கலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களின் மனநிலையையும், சோர்வு வரும்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் அவர் குழு பதிவு செய்திருந்தது. நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே மாணவர்களை மறுபடி பார்த்தபோது, 'எனக்கு ஏன் இப்படி இருக்கிறது' என்று உள்ளுக்குள்ளேயே சுற்றும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் சோர்வு அதிகமாக இருந்தது. நோய் வருவதற்கு முன்பே பழக்கம் இருந்தது என்று காட்டியதால் இந்த ஆய்வுக்கு மதிப்பு அதிகம்.

நினைவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதை வெளியில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அது தொடர்பாகக் குறிப்பாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுமாறு உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் கேட்டார். அந்த ஆய்வு 1986ல் வெளிவந்தது. மற்றவர்களைப் போல ஒரு நாளையோ ஒரு சம்பவத்தையோ சொல்ல அவர்கள் சிரமப்பட்டார்கள். பொத்தாம்பொதுவான பதில்கள்தான் அதிகம் வந்தன. நானும் இதைப் பார்க்கிறேன். 'கடைசியாக எப்போது சந்தோஷமாக இருந்தீர்கள்?' என்று கேட்டால், 'விடுமுறையில் நன்றாக இருக்கும்' என்பார்கள். எந்த விடுமுறை, யாரோடு, என்ன பேசினீர்கள் என்று கேட்டால் பதில் வராது. குறிப்பான நினைவு கைக்கு எட்டாதபோது, 'நான் என்றுமே இப்படித்தான்' என்பதை எதை வைத்து மறுப்பது?

கட்டுரை தொடாமலே விட்ட பக்கமும் உண்டு. மருந்தால் குணமானவர்களிடமும் எதிர்மறை எண்ணங்கள் குறைந்துவிடுகின்றன. அப்படியென்றால் அந்த எண்ணங்களில் ஒரு பங்காவது நோயின் விளைவு. அப்புறம், வாழ்க்கைச் சூழல். லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரௌனும் டிரில் ஹாரிஸும், கடும் இழப்புகளுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பை 1978ல் காட்டினார்கள். மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாதவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. வேலை போய்க் கடனில் மூழ்கியவரிடம் 'உங்கள் பார்வைதான் பிரச்சினை' என்பது எனக்கு மனசாட்சி இல்லாத பேச்சாகத் தெரிகிறது. 1996ல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சனும் அவர் குழுவினரும் அறிவுசார் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தபோது, எண்ணங்களைத் தொடாமல் அன்றாடச் செயல்களை மெல்ல மெல்ல மீட்டெடுக்க உதவியதே முழுச் சிகிச்சைக்கு ஈடான பலன் கொடுத்தது. எழுந்து குளிப்பதே மலையாகத் தெரிபவரிடம் நான் முதலில் எண்ணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இன்று செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை என்ன என்பதில்தான் தொடங்குகிறேன். நோய் தீவிரமானால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு, தினமும் கண்ணாடி முன் நின்று சொல்ல வேண்டிய வாக்கியங்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். ஜோன் வுட் குழுவினரின் 2009 ஆய்வில், 'நான் அன்புக்குரியவர்' என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது, சுயமதிப்பு குறைந்தவர்களின் மனநிலை இன்னும் கீழே போனது. மனச்சோர்வில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சுயமதிப்பு குறைந்தவர்கள்தான். அடுத்த இதழிலும் இந்தத் தொடர் வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பெட்டியை மீண்டும் போட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் சோர்வு, எதிலும் ஈடுபாடின்மை, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம் என்று இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று அந்த இடத்தில் போடுங்கள்.

அன்புடன்,
மனநல ஆலோசகராக இருக்கும் உங்கள் வாசகி